கேபிள் (முறுக்கின கயிறு மாதிரி தெரியுற பின்னல்) தொப்பி இறுக்கமா வருதா?
20 கண்ணிக்கு (பின்னல் வளையத்துக்கு) 10 செ.மீ.ன்னு கணக்குப் போட்டு 100 கண்ணி எடுத்தும் தோழிக்கான தொப்பி இறுக்கமா இருக்குன்னு கேட்டிருந்தீங்க. மாதிரித் துண்டைச் சாதாரணப் பின்னல்ல அளந்ததுதான் சிக்கல். கேபிள்ல கண்ணிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுறதால துணி அகலத்துல சுருங்கிடும். கேபிள்லயே ஒரு துண்டு பின்னி, நனைச்சுக் காயவெச்சு அளங்க. 10 செ.மீ.க்கு 24 கண்ணி வந்தா 50 செ.மீ. சுற்றுக்கு 120 வேணும்.

விளிம்புல இருக்குற ரிப்பை (வரிவரியா வர்ற பின்னலை) பிரிக்காதீங்க, அது நல்லா இழுபடும். கேபிள் பகுதியை மட்டும் பிரிச்சு, முதல் சுற்றுல 5 கண்ணிக்கு ஒண்ணு கூட்டுங்க, 120 வந்துடும்.

தோழி தலையைத் திருட்டுத்தனமா அளக்கவும் வேண்டாம். பெண்கள் தலை பெரும்பாலும் 54–57 செ.மீ.; தொப்பி 5 செ.மீ. குறைவா இருந்தாத்தான் நழுவாது. கறுப்பு நூல்ல கேபிள் எடுபடாது, வெளிர் நிறம்தானே?