தோளுக்கு அளவான துவக்கு: கேள்வி பதில்

துவக்குப் பிடிகளைச் செதுக்கியும் திருத்தியும் வந்தவன் என்ற முறையில், மரப்பிடி போட்ட போல்ட் ரைபிளை (தோட்டாவை ஏற்றவும் வெளியேற்றவும் போல்ட் என்ற இரும்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளும் வகை) உடலுக்கு ஏற்ப அமைப்பது பற்றி நம் பகுதியினர் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: ஐயா, கனடாவில் இருக்கும் என் மருமகன் மான் வேட்டைக்கு வால்நட் மரப்பிடியுள்ள ரைபிள் ஒன்று வாங்கியிருக்கிறார். பிடியின் நீளத்தையும் கன்னம் பதியும் மேட்டையும் கூட்டிக் குறைக்கலாமாம். இது தேவையா, வெறும் விளம்பரமா?

தேவைதான். விசையிலிருந்து, தோளில் பதியும் பின்தட்டின் நடுப்பகுதி வரையுள்ள தூரமே பிடியின் நீளம். தொழிற்சாலைகள் அதைப் பெரும்பாலும் 13½ அங்குலத்தை ஒட்டியே வைக்கின்றன. அது எல்லோருக்கும் பொருந்தாது. ஒருவருக்கே கூட எல்லாக் காலத்திலும் பொருந்தாது. கோடையில் மெல்லிய சட்டையோடு அளவு பார்த்த துவக்கை நவம்பர் குளிரில் தடித்த அங்கியோடு தூக்கினால், பின்தட்டு அக்குளில் சிக்கும். அப்போது பிடிக்கும் பின்தட்டுக்கும் நடுவே நீளத்துக்காக வைக்கும் இடைத்தகடுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டால் போதும்.

சம்மாந்துறையிலிருந்து: பின்தட்டை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசையை எட்டினால் அளவு சரி என்று வாப்பா சொல்வார். அது உண்மையா?

அந்த முறை முன்கையை மட்டுமே அளக்கும். கழுத்தையும் கன்னத்தையும் அது அறியாது. முதலில் போல்டைத் திறந்து, தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்துங்கள். பிறகு குழலை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி, கண்களை மூடிக்கொண்டு துவக்கை இயல்பாகத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதித்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். துவக்கின் மேல் பூட்டிய தொலைநோக்கியினுள் வட்டம் முழுதாகத் தெரிந்தால் மேடு சரி. பிறைபோலக் கருநிழல் விழுந்தால் தலையையோ துவக்கையோ நகர்த்தாமல் மேட்டைத்தான் மாற்ற வேண்டும். பெருவிரல் மூட்டுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு விரல் அளவு இடம் இல்லையென்றால், உதைக்கும்போது மூக்கு வீங்கும்.

திருக்கோவிலிலிருந்து: மேட்டை எவ்வளவு உயர்த்தலாம்?

போல்ட் இடிக்காத அளவுக்கு. 1898 ஆம் ஆண்டின் மவுசர் ரைபிளில் போலவே இன்றைய போல்ட்டும் நேராகப் பின்னோக்கித்தான் இழுபடுகிறது; மேடு மிகவும் உயர்ந்தால் அது வந்து முட்டும்.

வாகரையிலிருந்து: மாரி மழையில் மரம் ஊதுமே, குறி மாறாதா?

மாறும், அதுவே மரப்பிடியின் பெரிய குறை. ஈரம் குடித்த மரம் வளைந்து குழலை ஒரு பக்கமாகத் தள்ளினால், நேற்று குறியில் பட்ட தோட்டா இன்று விலகிப் படும். குழலுக்கும் முன்பிடிக்கும் இடையே ஒரு கடதாசியை நுழைத்து இழுத்துப் பாருங்கள். அது எங்கே சிக்குகிறதோ அங்கே மரம் தொடுகிறது. பின்தட்டைக் கழற்றியும் பாருங்கள்: வெளியே பளபளக்கும் பிடி, உள்ளே வெட்டுமுகத்தில் பூச்சே இல்லாமல் இருப்பதுண்டு. தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். அங்கே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, காய்ந்த பிறகே அடுத்த பூச்சைக் கொடுங்கள். தொழில் பழகிய காலத்தில் நான் ஒரு பிடிக்குத் தேங்காயெண்ணெய் பூசினேன். அது காயாமல் பிசுபிசுத்து, உமித்தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ள, உரியவரிடம் நன்றாக ஏச்சு வாங்கினேன்.

வெல்லாவெளியிலிருந்து: ஐயா, பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் என் 12 போர் (சன்னத் தோட்டா போடும்) துவக்கின் பிடி எனக்கு நீளம். அறுக்கலாமா? இதைக் கொடுத்துவிட்டு ரைபிள் எடுக்கலாமா?

தம்பி, இலங்கையின் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நம் உழவர்களுக்குப் பயிர்க்காவலுக்கெனக் கிடைப்பது பெரும்பாலும் உங்களிடம் உள்ள வகைதான். அதையே அளவாக்கிக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற திருத்துநரிடம் கொடுத்து, பின்தட்டின் சாய்வு மாறாமல், தேவை என்று தோன்றுவதைவிடச் சற்றுக் குறைவாகவே அறுக்கச் சொல்லுங்கள். குழலில் மட்டும் கைவைக்க வேண்டாம். அறுத்த துண்டை எறிந்துவிடாதீர்கள். துவக்கு முறைப்படி உங்கள் மகனின் பெயருக்கு மாறும் நாளில் அவர் உங்களைவிட உயரமாக இருந்தால், வாள் தின்ற இடத்துக்கு ஒரு மெல்லிய தகட்டை வைத்து, அதே துண்டை அதே மரரேகையோடு திரும்பப் பொருத்தலாம்.