தழும்பு விடாத லேசர்: மைக்ரோபல்ஸ் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை நோய் உண்டு. மேக்குலாவில் (விழித்திரையின் மையப்பகுதியில்) நீர் கோத்திருக்கிறது, மைக்ரோபல்ஸ் லேசர் வைக்கலாம் என்கிறார்கள். முன்பு பெரியப்பாவுக்கு லேசர் வைத்ததில் பார்வையில் கரும்புள்ளிகள் தங்கிவிட்டன. இதுவும் அப்படித்தானா டாக்டர்?

இல்லை. பெரியப்பாவுக்கு வைத்தது சுடும் லேசர். கதிர் 0.1 வினாடி போல விடாமல் விழும். விழித்திரைக்கு அடியில் உள்ள நிறமி அடுக்கு கொதித்து, மேலிருக்கும் ஒளியுணர் செல்களும் வெந்துவிடும். லேசர் வைப்பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் வெள்ளையில் ஒரு புள்ளி எழும். பின்னாளில் அது தழும்பாகும், சிலருக்கு வருடங்கள் போகப் போக விரியவும் செய்யும். அவர் பார்க்கும் கரும்புள்ளி அதுதான்.

மைக்ரோபல்ஸில் கதிர் நறுக்கி நறுக்கிப் போகிறது: 0.1 மில்லிவினாடி ஒளி, 1.9 மில்லிவினாடி ஓய்வு. 200 மில்லிவினாடிக்குள் ஓரிடத்தில் 100 துடிப்பு. இடையில் சூடு ஆறிவிடுவதால் செல்கள் சாவதில்லை. அந்த இளஞ்சூட்டில் நிறமிச் செல்கள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உண்டாக்கி, நீரை வெளியேற்றும் தங்கள் வேலைக்குத் திரும்புகின்றன என்பதுதான் இன்றுள்ள விளக்கம். சரியாக வைத்தால் விழித்திரையில் எந்த அடையாளமும் தெரியாது.

கேள்வி: அம்மாவுக்கும் சர்க்கரை நோயால் மேக்குலாவில் வீக்கம். ஓ.சி.டி. என்ற விழித்திரை ஸ்கேனில் நடுத்தடிமன் 520 மைக்ரான். ஊசிக்குப் பயப்படுகிறார். லேசர் மட்டும் போதுமா?

போதாது அம்மா. 520-க்கு முதலில் கண்ணுக்குள் போடும் ஊசிதான். மைக்ரோபல்ஸுக்கு ஏற்றது 400 மைக்ரானுக்குக் கீழ் உள்ள வீக்கம். பிரிட்டனில் 266 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான 'டைமண்ட்ஸ்' ஆய்வு அந்த அளவுக்குக் கீழே உள்ளவர்களைத்தான் எடுத்துக்கொண்டது. இரண்டு வருட முடிவில் பார்வையைக் காப்பதில் மைக்ரோபல்ஸ் பழைய லேசருக்குச் சளைக்கவில்லை, தழும்பும் இல்லை. ஊசி போட்டு வீக்கம் வடிந்த பிறகு துணையாக லேசர் சேர்ப்பதுண்டு. பயத்தினால் வரிசையை மாற்றி மாதங்களைக் கடத்திவிடாதீர்கள். அந்த மாதங்களில் போகும் பார்வை முழுதும் திரும்புவதில்லை.

கேள்வி: விழித்திரைப் பயிற்சியில் இருக்கிறேன். 577 நானோமீட்டர் மஞ்சள் லேசரில் அளவுகளை எப்படி அமைப்பது? சில நோயாளிகளுக்குப் பலனே இல்லை.

பரவலான ஒரு முறை: புள்ளி 200 மைக்ரான், 200 மில்லிவினாடி, அதில் ஒளி விழும் நேரம் 5 சதவீதம். மேக்குலாவுக்கு வெளியே, தொடர் கதிரில், 50 மில்லிவாட்டில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். புள்ளி மங்கலாகத் தெரியும் அளவை நான்கால் பெருக்கி மைக்ரோபல்ஸுக்கு மாறுங்கள். 100-இல் தெரிந்தால் 400 மில்லிவாட். சராசரி 20 மில்லிவாட்தான் விழுகிறது, அதனால்தான் சுடுவதில்லை.

பலன் வராததற்கு முதல் காரணம் இடைவெளி. பழைய பழக்கத்தில் புள்ளிகளை விலக்கி வைத்தால் பாதி இடம் தொடப்படாமலே போகும். ஓ.சி.டி. வரைபடத்தில் தடித்திருக்கும் பரப்பு முழுவதையும் ஒட்டி ஒட்டி நிரப்புங்கள். எங்கே வைத்தோம் என்று தெரியாது என்பதால் இரத்தக்குழாய்களை எல்லையாக வைத்து வரிசை வரிசையாகப் போங்கள்.

இரண்டாவது, லேசர் வைக்கும்போது கண்மேல் பொருத்தும் லென்ஸ். ஏரியா சென்ட்ராலிஸ் புள்ளியை 0.94 மடங்காக்கும், மெயின்ஸ்டர் பி.ஆர்.பி. 165 கிட்டத்தட்ட இரு மடங்காக்கும். விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, சூடு அத்தனையும் கலைந்துவிடும்.

ஆபத்தான தவறு ஒன்று உண்டு: சோதனைக்குப் பின் தொடர் கதிரிலிருந்து மாற்ற மறப்பது. 400 மில்லிவாட் அப்படியே ஃபோவியாவில் (மேக்குலாவின் நடுமையத்தில்) விழுந்தால் அந்தப் பார்வையை மீட்க வழியில்லை. மிதியை அழுத்தும் முன் திரையில் '5 சதவீதம்' என்பதை வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்தில் நிற்பவரும் படிக்கட்டும். நிறமி அதிகமுள்ள நம் கண்களுக்கு வெளிர்நிறக் கண்களின் அளவை அப்படியே எடுத்து வைப்பதும் சரியல்ல.

கேள்வி: எனக்கு 38 வயது. சென்ட்ரல் சீரஸ் (மேக்குலாவுக்கு அடியில் நீர் தேங்குவது) என்றார்கள், இரண்டு மாதமாகிறது. லேசர் வைத்துக்கொள்ளவா?

இப்போது வேண்டாம். மூன்று, நான்கு மாதத்தில் பலருக்குத் தானாகவே வடியும். ஸ்டீராய்டு இதைத் தூண்டலாம், அது எந்த வடிவில் உள்ளே போகிறது என்று தேடுங்கள்: மாத்திரை, மூட்டு ஊசி, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, தோல் களிம்பு. மருந்து எழுதியவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நாள்பட்டுப்போனால் பாதி அளவு வெர்ட்டிபோர்ஃபின் மருந்தை ஏற்றி ஒளியால் தூண்டும் போட்டோடைனமிக் சிகிச்சையே முந்தி நிற்கிறது: 2018-இல் வெளியான 'பிளேஸ்' ஆய்வில் ஏழெட்டு மாதத்தில் நீர் முழுதும் வடிந்தது அதில் 67 சதவீதம் பேருக்கு, மைக்ரோபல்ஸில் 29 சதவீதம் பேருக்கு. அந்த மருந்து கிடைக்காத இடத்தில் மைக்ரோபல்ஸ் ஒரு நியாயமான வழி.

கேள்வி: விழித்திரையில் புது ரத்தக்குழாய் முளைத்திருக்கிறது. மென்மையான லேசரே வைக்கச் சொல்லலாமா?

கூடாது. அங்கே ஓரப்பகுதியைச் சுட்டே ஆக வேண்டும், அல்லது தவறாமல் ஊசி.

கேள்வி: மைக்ரோபல்ஸ் வைத்து இரண்டு வாரம். ஒரு மாற்றமும் இல்லையே?

இது மெதுவாக வேலை செய்யும் சிகிச்சை. மூன்றாம் மாதம் அதே ஓ.சி.டி. இயந்திரத்தில் எடுத்து, பழைய எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வேறு இயந்திரத்தின் மைக்ரான் கணக்கு வேறு. குறையவில்லை என்றால் திரும்ப வைக்கலாம், தழும்பு இல்லாததால் அதற்குத் தடையில்லை. இடையில் பார்வை சட்டென்று மங்கினாலோ கோடுகள் வளைந்து தெரிந்தாலோ மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.