அணுகுண்டு வெடித்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்த மண்ணில் தடயம் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவியைத் தரையில் காட்டி, அது படபடவென்று அடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கிரானைட் பாறையிலும் அது அடிக்கும். கதிர்வீச்சு எவ்வளவு என்பதைவிட எந்த ஐசோடோப்பிலிருந்து, அதாவது தனிமத்தின் எந்த அணுவகையிலிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம்.

மண் மாதிரிகளை அளப்பது என் வேலை. மண்ணை மொத்தமாக வாரி எடுக்க மாட்டோம், மெல்லிய அடுக்குகளாகச் சீவி எடுப்போம். அணுகுண்டு வெடிக்கும்போது உண்டாகும் சீசியம்-137 களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அதனால் உழாத நிலத்தில் அதன் பெரும்பகுதி மேல் 20 செ.மீ.க்குள்ளேயே கிடக்கும். மண்ணைக் காயவைத்து, சலித்து, டப்பாவில் அடைத்து, ஈயக் கூண்டுக்குள் இருக்கும் ஜெர்மானியம் உணர்கருவிமேல் வைத்து இரவு முழுக்க விட்டுவிடுவோம். காலையில் திரையில் தெரியும் காமா கதிர்களின் ஆற்றல் வரைபடத்தில் 1460 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு முகடு நிற்கும். அது பொட்டாசியம்-40, எந்த மண்ணிலும் இருப்பதுதான். 662-ல் சின்னதாக இன்னொன்று எழுந்திருந்தால் அது சீசியம்.

சரி, சீசியம் இருந்தால் அங்கே குண்டு வெடித்தது என்று அர்த்தமா? இல்லை. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். 1950, 60களின் வளிமண்டலச் சோதனைகளில் கிளம்பிய சீசியம் உலகம் முழுக்கப் படிந்திருக்கிறது. செர்னோபில் அணுஉலை விபத்திலிருந்தும் வந்தது.

வெடித்தது அதே இடத்தில்தானா என்று அறிய நான் தேடுவது யூரோப்பியம்-152. குண்டிலிருந்து பாயும் நியூட்ரான்கள், மண்ணில் இயல்பாகவே இருக்கும் யூரோப்பியத்தில் பட்டு இது உண்டாகிறது. காற்றில் அந்த நியூட்ரான்கள் வெகுதூரம் போகாது என்பதால் இது நல்ல சாட்சி. ஹிரோஷிமாவில் பல பத்தாண்டுகள் கழித்தும் கற்களில் இதை அளந்து, மக்கள்மேல் பட்ட கதிரளவைச் சரிபார்த்தார்கள். இதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 13.5 ஆண்டுதான், அதனால் காலம் போகப் போக அளப்பது கஷ்டம்.

புளூட்டோனியத்துக்கு அந்தக் கவலை இல்லை. புளூட்டோனியம்-239-இன் அரை ஆயுள் 24,000 ஆண்டுக்கு மேல். புளூட்டோனியம்-240-க்கும் 239-க்கும் உள்ள விகிதம், வளிமண்டலச் சோதனைகளால் உலகெங்கும் படிந்ததில் ஏறத்தாழ 0.18, நாகசாகி குண்டின் புளூட்டோனியத்தில் அதைவிட மிகக் குறைவு. எந்த வெடிப்பிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது.

கண்ணுக்கே தெரியும் தடயமும் உண்டு. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் 30 மீட்டர் கோபுரத்தின்மேல் வெடித்த டிரினிட்டி குண்டு, கீழே இருந்த மணலைப் பச்சைக் கண்ணாடியாக உருக்கியது. ஹிரோஷிமா குண்டு சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்ததால் அங்கே அப்படி ஒரு கண்ணாடித் தரை உண்டாகவில்லை.

நிலத்தடிச் சோதனை என்றால் கதை வேறு. அங்கே பாறை இடுக்கு வழியே கசியும் ஆர்கான்-37 வாயுவைத் தேட வேண்டும். அதன் அரை ஆயுள் 35 நாள்தான், ஆய்வாளர்கள் சில மாதங்களுக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.