மேக்ரோ லென்ஸில் ஸ்டெபிலைசேஷன்: எங்கே உதவும், எங்கே உதவாது

வேலூர் சுற்றுவட்டாரத்தில் பூச்சி, பூ, நகை, பல் என்று நெருக்கப் படம் எடுப்பவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். மேக்ரோ என்பது மிக நெருக்கத்தில் படம் எடுக்க உதவும் லென்ஸ். ஸ்டெபிலைசேஷன் என்பது கை நடுக்கத்தால் படம் கலங்காமல் தடுக்கும் அமைப்பு; அதைக் கேனான் ஐஎஸ் என்றும், நிக்கான் விஆர் என்றும், டாம்ரான் விசி என்றும் சொல்லும். 1:1 என்றால் பொருள் அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழுவது.

கேள்வி (குடியாத்தம்): அண்ணே, கேனான் 100 மி.மீ. மேக்ரோ பழசு வாங்கப் போறேன். ஐஎஸ் இல்லாதது கம்மி விலையில கிடைக்குது. ஐஎஸ் உள்ள எல் (கேனானோட உயர்தர வரிசை) லென்ஸுக்குக் கூடுதல் காசு போடலாமா? எடுக்கிறது பெரும்பாலும் சிலந்தி, எறும்பு.

பதில்: தம்பி, சிலந்தி, எறும்பு என்றால் ஐஎஸ் இல்லாததையே வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஒரு ஃபிளாஷும், அதன் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் நல்ல டிஃப்யூசரும் வந்துவிடும்.

1:1 அளவில் லென்ஸின் துளையை எஃப் 11 என்று சிறிதாக (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்தாலும் ஃபோகஸ் ஆழம், அதாவது தெளிவாகத் தெரியும் தடிமன், ஃபுல் பிரேமில் (பெரிய சென்சார் உள்ள கேமராவில்) ஏறக்குறைய 1.3 மி.மீ.தான். துளையை அதற்கு மேல் திறந்தால் எறும்பின் கண் தெளிந்து காது போல நிற்கும் உணர்கொம்பு கலங்கிவிடும். மூடினால் வெளிச்சம் போதாது. 1:1இல் சென்சாருக்குப் போய்ச் சேரும் வெளிச்சமே 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) குறைவதால், எஃப் 11 என்பது எஃப் 22 போலத்தான் வேலை செய்யும். ஆக ஃபிளாஷ் இல்லாமல் முடியாது. ஃபிளாஷ் வந்துவிட்டால் நடுக்கத்தை உறைய வைப்பது அதன் வெளிச்சம்தான். சாதாரண ஸ்பீட்லைட்டை (கேமரா மேல் மாட்டும் ஃபிளாஷை) 1/16 பவரில் வைத்தால் வெளிச்சம் எரிவது சுமார் 1/10,000 நொடி. அந்த நேரத்துக்குள் கை எவ்வளவு ஆடிவிடும்?

தொடக்க செட்டிங்: மேனுவல், 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் 1/16. படம் இருட்டாக வந்தால் ஃபிளாஷைக் கூட்டுவதற்கு முன் டிஃப்யூசரைப் பூச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பவர் கூடக் கூட வெளிச்சம் எரியும் நேரமும் நீளும். முழு பவரில் அது 1/1000 நொடிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

கேள்வி (ராணிப்பேட்டை): அந்த எல் லென்ஸ் 4 ஸ்டாப் கொடுக்கும்னு போட்டிருக்காங்களே சார்? அது 1:1லயும் கிடைக்காதா?

பதில்: கிடைக்காது. 2009இல் வந்த அந்த லென்ஸுக்குக் கேனானே சொல்லும் கணக்கு இது: தூரத்துப் பொருளுக்கு 4 ஸ்டாப், பாதி அளவில் (1:2) 3, 1:1இல் 2. ஒரு ஸ்டாப் உதவி என்றால் ஷட்டரை இரு மடங்கு நேரம் திறந்து வைக்கலாம்.

கை இரண்டு விதமாக ஆடுகிறது. ஒன்று கேமரா சாய்வது, இன்னொன்று கேமரா முழுசாக மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகர்வது. தூரத்தில் சாய்வுதான் படத்தைக் கெடுக்கும். நகர்வு தெரியவே தெரியாது. நெருங்கினால் நகர்வு பெரிதாகிவிடும். கை 0.1 மி.மீ. நகர்ந்ததாக வையுங்கள். 1:10 அளவில் அது சென்சாரில் 0.01 மி.மீ. 1:1இல் அதே 0.1 மி.மீ. அப்படியே சென்சாரில் விழும். 24 மெகாபிக்சல் கிராப் (ஃபுல் பிரேமைவிடச் சின்ன) சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 0.004 மி.மீ. என்பதால் 25 பிக்சலுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

சாய்வை மட்டும் திருத்தும் ஸ்டெபிலைசேஷன் நெருக்கத்தில் கைவிடுவது இதனால்தான். 2006இல் வந்த நிக்கான் 105 விஆர் அப்படிப்பட்டது. கேனான் எல் லென்ஸும், 2016இல் வந்த டாம்ரான் 90 விசியும் நகர்வையும் அளந்து திருத்துகின்றன. ஆனால் இந்த ஸ்டெபிலைசேஷன் முன்பின் ஆட்டத்தைத் திருத்தாது. 1:1இல் அதிகப் படங்கள் வீணாவதும் அதனால்தான்: கண்ணில் வைத்த ஃபோகஸ் கழுத்துக்குப் போய்விடும்.

கேள்வி (இலவம்பாடி பக்கம், வேளாண் மாணவி): முள்ளு கத்தரித் தோட்டத்துல பூச்சிகளை ஆவணப்படுத்துறேன் சார். ஃபிளாஷ் போட்டா புள்ளி வண்டு முதுகுல வெள்ளையா மின்னுது. இயற்கை வெளிச்சத்துல ஐஎஸ் போதுமா?

பதில்: போதாதும்மா. ஐஎஸ் உங்கள் கையை நிறுத்தும், செடியை நிறுத்தாது. இலை நொடிக்கு 5 செ.மீ. அசைந்தால், 1/200 நொடிக்குள் 0.25 மி.மீ. நகர்ந்துவிடும். 1:1இல் அது 60 பிக்சலுக்கு மேல். அதே அசைவு 1/10,000 நொடி ஃபிளாஷில் ஒரு பிக்சல் அளவுதான்.

முதுகில் மின்னுவது டிஃப்யூசர் சின்னதாக இருப்பதால். பளபளப்பான வண்டு எதிரில் இருக்கும் விளக்கை அப்படியே காட்டும். ஃபிளாஷுக்கு முன்னால், லென்ஸின் முனை வரை வளைந்து வரும்படி ஏ4 அளவு டிரேசிங் பேப்பரையோ வெள்ளை ஃபோம் ஷீட்டையோ கட்டுங்கள். ஃபிளாஷின் முகத்தை ஒட்டிக் கட்டினால் பலன் இல்லை. இடைவெளி விட்டால்தான் ஷீட் முழுக்க வெளிச்சம் பரவும்.

காலையில் காற்று எழும்புவதற்கு முன் போங்கள். தண்டுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி நட்டு, துணி கிளிப்பால் தண்டை அதோடு பிடித்துவிடுங்கள். முள்ளில்லாத இடத்தில் இடது கையால் தண்டைப் பிடித்து, அந்தக் கையின் மேலேயே லென்ஸை வைத்தால் செடியும் லென்ஸும் சேர்ந்தே ஆடும். முன்பின் ஆட்டமும் இதில்தான் அடங்குகிறது. ஆட்டோ ஃபோகஸை அணைத்து, 1:1 போன்ற அளவை லென்ஸில் முதலிலேயே வைத்துவிட்டு, உடம்பை மெல்ல முன்னே சாய்த்து, கண் தெளியும்போது அழுத்துங்கள்.

உச்சி வெயிலில் ஒரு சிக்கல் உண்டு. 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 100 என்பது நேர் வெயிலுக்கான எக்ஸ்போஷர். 1:1இல் 2 ஸ்டாப் குறைந்தாலும் வெயில் ஒரு மங்கலான இரண்டாவது பிம்பத்தை விட்டுவிடும். குடை நிழல் போட்டால் தீரும். அதற்காக ஹை ஸ்பீடு சின்க் (மிக வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் போட உதவும் வசதி) போடாதீர்கள். அதில் ஃபிளாஷ் விட்டுவிட்டு நீளமாக எரியும், உறைய வைக்கும் குணம் போய்விடும்.

கேள்வி (வேலூர் லாங் பஜார்): கடை நகைகளை டிரைபாட்ல வைச்சு எடுக்கிறேன். ஸ்டெபிலைசேஷன் ஆன்ல இருக்கணுமா?

பதில்: அணைத்துவிடுங்கள். அசையாத கேமராவில் அது தானே படத்தை நகர்த்தக்கூடும். கல் பதித்த மோதிரத்தைப் பல ஃபோகஸில் எடுத்து ஒன்று சேர்ப்பீர்களானால் கட்டாயம் அணைக்கணும், இல்லையென்றால் படத்துக்குப் படம் பிரேம் நகரும். 2 நொடி டைமர் வையுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் லைவ் வியூவில் (பின் திரையில் பார்த்து) எடுங்கள். மரத் தளமோ மாடியோ என்றால் எடுக்கும்போது பக்கத்தில் யாரும் நடக்க வேண்டாம்.

கேள்வி (ஆற்காடு): 55-250 ஐஎஸ் லென்ஸ் முன்னாடி ரேனாக்ஸ் டிசிஆர் 250 க்ளோஸப் லென்ஸ் மாட்டினா ஐஎஸ் வேலை செய்யுமா?

பதில்: செய்யும், ஆனால் சாய்வை மட்டும்தான் திருத்தும். ரேனாக்ஸின் திறன் 8 டயாப்டர் (கண்ணாடி பவர் போன்ற அளவு) என்பதால் பூச்சிக்கும் அதற்கும் சுமார் 12 செ.மீ. இடைவெளி. லென்ஸின் ஃபோகஸ் இன்ஃபினிட்டியில் இருக்கும்போது 125 மி.மீ.யில் 1:1, 250இல் 2 மடங்கு. ஐஎஸ்ஸை ஆன்லேயே வைத்திருங்கள். டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் பிம்பம் கொஞ்சம் அடங்கி நிற்பதால் கண்ணில் ஃபோகஸ் பிடிப்பது எளிது. பாதி அழுத்தி, பிம்பம் அடங்க ஒரு நொடி பொறுத்து எடுங்கள்.

கேள்வி (பல் மருத்துவ மாணவர், வேலூர்): வாய்க்குள்ள எடுக்க ஐஎஸ் தேவையா?

பதில்: தேவையில்லை. ரிங் ஃபிளாஷ் (லென்ஸைச் சுற்றி மாட்டுவது), எஃப் 22, 1/160, ஐஎஸ்ஓ 200. கடைவாய் வரை தெளிவு வேண்டும் என்பதால்தான் எஃப் 22.

கேள்வி (ஏலகிரி): அப்ப ஐஎஸ் யாருக்குத்தான் சார் வேணும்?

பதில்: உங்களுக்கு. மலையில் மேகமூட்டமான காலை, காற்றில்லை, பூவோ காளானோ பாதி அளவில், பின்னணியும் வெளிச்சத்தோடு தெரிய வேண்டும், டிரைபாட் நிற்க இடமில்லை. இங்கே ஃபிளாஷ் அழகைக் கெடுத்துவிடும். ஐஎஸ் இல்லாமல் 1/200 கேட்கும் இடத்தில் 3 ஸ்டாப் உதவியோடு 1/25இல் எடுக்கலாம். ஐந்தாறு படங்களைத் தொடர்ச்சியாக எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். கேமரா பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் இருந்தால் அதுவும் போதும். கேமராவுக்குத் தகவல் சொல்லும் சிப் இல்லாத மேனுவல் லென்ஸ் மாட்டினால் மட்டும் ஃபோக்கல் லெங்த்தை மெனுவில் நீங்களே கொடுக்கணும். தப்பான எண் இருந்தால் திருத்தமும் தப்பாகி, அணைத்து வைத்ததைவிட மோசமாக வரும்.