தலையாட்டுகிறார்கள், ஆனால் பள்ளிக்கு வருவதில்லை

கேள்வி: திருப்பூரில் நாங்கள் எட்டுப் பேர் ஒரு சிறு குழுவாக இயங்குகிறோம். சிலர் கல்லூரி மாணவர்கள், சிலர் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஞாயிறுதோறும் வீடு வீடாகப் போய்ப் படிப்பின் அருமையை எடுத்துச் சொல்கிறோம். எல்லாரும் தலையாட்டுகிறார்கள், யாரும் திரும்பி வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த அருமையைச் சொல்வதை நிறுத்துங்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு அது தெரியாமல் இல்லை. அம்மா சொல்லியிருப்பார், வகுப்பாசிரியர் சொல்லியிருப்பார், பக்கத்து வீட்டுத் தாத்தாவும் சொல்லியிருப்பார். உங்களைச் சீக்கிரம் அனுப்பிவைக்கத்தான் அவன் தலையாட்டுகிறான்.

இரண்டாவது, நீங்கள் போகிற நேரம். பிள்ளைகள் ஒரே நாளில் நிற்பதில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் கதை முழுக்க அதில் இருக்கும். முதலில் திங்கட்கிழமை மட்டும் வரமாட்டான். அப்புறம் சேர்ந்தாற்போல் மூன்று நாள், அப்புறம் ஒரு வாரம். அந்த வாரத்துக்குள் ஆள் போய் நின்றால் பெரும்பாலும் அழைத்து வந்துவிடலாம். பனியன் கம்பெனியில் கைமடி என்கிற உதவியாள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு சனிக்கிழமைச் சம்பளம் வாங்கிவிட்டான் என்றால், வீட்டில் அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே ஒரு செலவு காத்திருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் பேச வேண்டியது அவனிடம் மட்டுமல்ல, வீட்டு வாடகையோடும்தான்.

ஆகவே தலைமையாசிரியரைப் பார்த்து, நீண்ட நாள் வராதவர்கள் பட்டியலைக் கேட்காமல், இந்த வாரம் மூன்று நாள் வராதவர்கள் யார் என்று கேளுங்கள். வெளியாட்களுக்குப் பட்டியல் கொடுக்கத் தயங்குவார்கள், அது நியாயம்தான். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகப் போங்கள். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் உண்டு. உங்களில் யாராவது அதே பள்ளியில் படித்திருந்தால் அவரை முன்னால் நிறுத்துங்கள்.

வீட்டுக்குப் போனதும் கேட்க வேண்டியது "ஏன் வரல?" அல்ல. "கடைசியா எப்பப்பா போன? அன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். நான் ஆசிரியராக இருந்தபோது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நின்றுவிட்டான். குடும்பக் கஷ்டம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நடந்தது வேறு. சொந்த ஊரில் குலதெய்வக் கோயில் கெடாவெட்டுக்குப் போனவன் பன்னிரண்டு நாள் கழித்து வந்திருக்கிறான். அறிவியல் ரெக்கார்டு நோட்டு எழுதவில்லை. வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்களே என்ற பயத்தில் மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு மாணவனின் நோட்டை வாங்கிக் கொடுத்து இரண்டு மாலை உட்கார வைத்து எழுத வைத்தோம். மூன்றாம் நாள் காலை அவனுடைய சித்தப்பா கூடவே நடந்து வந்து வகுப்பு வாசலில் விட்டுப் போனார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்த வாசலைத் தனியாகத் தாண்டுவதுதான் இந்த வயதில் பெரிய வெட்கம். உங்கள் குழுவால் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, முதல் நாள் பிள்ளையோடு கூடவே நடந்து போவதுதான். அதற்கு முந்தின நாளே வகுப்பாசிரியரிடம் "நாளைக்கு வர்றான், ஒண்ணும் கேக்காதீங்க சார்" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

உண்மையிலேயே பணம்தான் காரணம் என்றால் பேச்சு உதவாது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்று சொல்லிப் பார்க்கிறார்கள். நல்ல திட்டங்கள்தான். ஆனால் அந்தப் பணம் கல்லூரிக்குப் போன பிறகு வருவது. ஒன்பதாம் வகுப்புப் பையனின் அம்மாவுக்கு இந்த வாரக் கடன்தான் கண் முன்னால் நிற்கிறது. அங்கே விடுதி இடம் வாங்கித் தருவது, சாதிச் சான்றிதழுக்கு அலைவது, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கைச் சரிசெய்வது போன்ற காரியங்கள்தான் எடுபடும். அலைச்சல்தான், ஆனால் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அந்த அம்மாவால் போய் வரிசையில் நிற்க முடியாது.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மிரட்டுவதற்கு அல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். 14 வயது நிறையாதவரைச் சம்பள வேலைக்கு வைப்பது குற்றம். 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக்கூடாது என்று 2016 திருத்தம் சொல்கிறது. நீங்கள் சந்திக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருப்பார்கள். அதனால்தான் கம்பெனிகளில் இவர்களை அவ்வளவாக யாரும் தடுப்பதில்லை.

டி.சி. வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைப்பார்கள். இல்லை. பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கிற எமிஸ் இணையதளத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்பில் இருக்கும். வேறு பள்ளியில் சேர்த்தால் அங்கே எடுத்துக்கொள்வார்கள். பல மாதம் நின்றவர்கள் என்றால் வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநரைப் பாருங்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுப்பது அவர்கள் வேலையில் ஒன்று.

பத்தாம் வகுப்பில் தேறாதவர்களுக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். முடிவு வந்த நாளிலேயே போய்ச் சொல்லுங்கள், விண்ணப்பிக்கும் நாட்கள் மிகக் குறைவு. பள்ளியே வேண்டாம் என்று அடம்பிடிப்பவனிடம் மல்லுக்கட்டாதீர்கள். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் சேரலாம். கை வேலையில் ஆர்வம் உள்ள பையனுக்கு அது தோல்வி இல்லை. என் பழைய மாணவர்களில் அப்படிப் போனவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகள் வீட்டுக்கு ஆண்கள் மட்டும் போகாதீர்கள். எங்கு போனாலும் இரண்டு பேராகப் போங்கள், பெற்றோர் இல்லாத நேரத்தில் உள்ளே உட்காராதீர்கள், பிள்ளைகளோடு தனியாக வாட்ஸ்அப்பில் பேசாதீர்கள். "மீண்டும் பள்ளிக்கு அழைத்து வந்தோம்" என்று படம் எடுத்துப் போடுவது அறவே வேண்டாம். மறுநாள் வகுப்பே அதைப் பார்க்கும், பிள்ளை திரும்ப நின்றுவிடும். கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் பஞ்சாயத்துப் பேச உட்காராமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்துவிடுங்கள். பாலியல் தொந்தரவு என்று தெரிய வந்தால் புகார் தரவேண்டியது போக்சோ சட்டப்படி உங்கள் கடமையும்கூட.

எட்டுப் பேர் என்கிறீர்கள். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற வாரத்தை மட்டும் எல்லாரும் ஒதுக்கி வையுங்கள், விடுமுறையில் வேலைக்குப் போனவர்கள் அப்படியே தங்கிவிடுவது அப்போதுதான்.