பட்டாளம் தரும் பட்டதாரிச் சான்றிதழ் டிகிரி ஆகுமா?

கேள்வி: எனக்குத் தக்கலை பக்கம். பத்தாம் வகுப்போடு பட்டாளத்தில் சேர்ந்து 26 வருடம் ஆகிறது, இப்போது சுபேதார். வரும் ஏப்ரல் 30-ல் ஓய்வு. பட்டதாரிக்கு இணை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள் என்கிறார்கள். அது டிகிரிதானா? கூட்டுப் பயிற்சியில் பழகிய அமெரிக்க சார்ஜென்ட் ஒருவர், தன் காலேஜ் ஃபீஸை அரசே கட்டுவதாகச் சொன்னார். நமக்கு அப்படி உண்டா? மார்த்தாண்டத்தில் ஒருவர், பிளஸ் டூ இல்லாமலே ஒரே வருடத்தில் டிகிரி வாங்கித் தருகிறேன், 45,000 ரூபாய் ஆகும் என்று சொல்லி 15,000 முன்பணம் வாங்கியிருக்கிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், இன்ஜினியரிங் ஆசை.

பதில்: முதலில் அந்த மீதி 30,000-ஐக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

நீங்கள் கேட்கும் சான்றிதழ் உண்மையானதுதான். முன்னாள் படைவீரர் மறுவேலைவாய்ப்புக்கான 1979-ம் ஆண்டு மத்திய அரசு விதிகளில் 1986-ல் சேர்த்த திருத்தம் அதற்கு அடிப்படை. பத்தாம் வகுப்போ அதற்கு இணையான ராணுவக் கல்விச் சான்றோ இருந்து, 15 வருடம் சேவை முடித்தவர், பட்டப்படிப்பு கேட்கும் குரூப் சி (கிளார்க் போன்ற) வேலைக்கு முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்ப அனுபவம் கட்டாயம் என்று கேட்கும் பதவிகளுக்கு இது பொருந்தாது. சான்றிதழ் கைக்கு வந்ததும் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். 'பட்டம் பெற்றவர்' என்று இருக்காது. இன்ன பதவிக்குத் தகுதியானவர் என்றுதான் இருக்கும். விஷயம் முழுக்க அந்த ஒரு வரியில்தான்.

ஆக, வங்கி கிளார்க் தேர்வுக்கு அது செல்லும். நம் மாவட்டத்தில் பட்டாளம் முடித்து வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பலர் இந்த வழியில் வந்தவர்கள்தான். மத்திய அரசின் குரூப் சி பணிக்கு வயதும் தடையில்லை: உங்கள் வயதில் சேவைக் காலத்தையும் கூடுதலாக 3 வருடத்தையும் கழித்துத்தான் உச்ச வரம்பைப் பார்ப்பார்கள். ஆனால் எம்.ஏ., பி.எட்., குரூப் பி பதவி எதற்கும் அதை நீட்ட முடியாது. வருடத்துக்கு இரண்டு பேராவது அதை வைத்து எல்.எல்.பி. சேரலாமா என்று என்னிடம் கேட்டு வருகிறார்கள். வக்கீல் ஆகும் ஆசை நல்லதுதான், ஆனால் அந்தக் காகிதத்தை வைத்து நடக்காது.

சரி, நிஜமான டிகிரியே வேண்டும் என்றால்? அங்கேதான் மார்த்தாண்டம் ஆசாமி உங்களைக் குழியில் தள்ளப் பார்க்கிறார். பத்து, பிளஸ் டூ, பிறகு மூன்று வருடப் பட்டம் என்ற வரிசையில் படிக்காத திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழக அரசு 2009-ல் அரசாணை எண் 107 போட்டிருக்கிறது. ஒரே வருடத்தில் கிடைக்கும் டிகிரி என்றால் ஒன்று போலி, இல்லாவிட்டால் முன்தேதி போட்டது. நீங்கள் எல்லையில் டியூட்டியில் இருந்த மாதங்களில் கல்லூரியில் பரீட்சை எழுதியதாக மார்க் ஷீட் சொல்லும். உங்கள் சர்வீஸ் ரிக்கார்டே அதற்கு எதிர்சாட்சி. போலி என்று தெரிந்தே ஓர் ஆவணத்தை உண்மையானது போலப் பயன்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசி-க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 340-ம் பிரிவில் குற்றம். அதிலும் நீங்கள் இன்னும் ராணுவச் சட்டத்தின் கீழ் இருப்பவர். நேர்வழி மெதுவானது: தனித்தேர்வராக பிளஸ் டூ, அதன் பின் யுஜிசி அனுமதி உள்ள தொலைநிலைப் பட்டம்.

அமெரிக்கக் கதைக்கு வருகிறேன். அங்கே 1944-லிருந்து அதற்கென்று சட்டமே இருக்கிறது. நம் நாட்டில் காலேஜ் ஃபீஸை உரிமையாகக் கேட்கும்படி அப்படி ஒரு சட்டம் இல்லை. இருப்பது பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் தரும் வேலைப் பயிற்சிகள். அவற்றுக்கு அதிகாரிகள் ஒரு பங்கு கட்டணம் கட்ட வேண்டும். ஜேசிஓ-க்களுக்கும் (உங்களைப் போன்ற சுபேதார் நிலையில் இருப்பவர்கள்) ஜவான்களுக்கும் இலவசம். சீருடையில் இருக்கும்போதே யூனிட் வழியாகக் கேட்டுவிடுங்கள்.

பணம் வரக்கூடிய வழி மகள் பெயரில்தான் இருக்கிறது. முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் மாணவிகளுக்கு மாதம் 3,000 ரூபாய், வருடத்துக்கு 36,000. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், தொழிற்படிப்பாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், முதல் வருடத்தில்தான் புதிதாக விண்ணப்பிக்க முடியும். தகப்பன் அப்போது ஓய்வு பெற்றிருக்க வேண்டும். ஏப்ரலில் நீங்கள் வெளியே வந்த பிறகுதான் அவள் காலேஜில் சேர்கிறாள், அதனால் பிரச்சினை இல்லை. சேவை நீட்டிப்புக்கு யாராவது ஆசை காட்டினால் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஹவில்தார் வரையிலானவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் கல்வி மானியம் ஒன்று உண்டு, சுபேதாருக்குக் கிடையாது. ஓய்வு பெற்ற கையோடு நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். மகளின் விண்ணப்பம் அந்த அலுவலகம் சரிபார்த்துத்தான் மேலே போகும்.

அந்த 15,000-க்கு: எப்படிக் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. ஜிபே என்றால் ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய பேச்சு, எதையும் அழிக்க வேண்டாம். பதினைந்து நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். கொடுக்காவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 318-ம் பிரிவில் மோசடிப் புகார். பெரும்பாலும் நோட்டீஸ் போனதுமே இப்படிப்பட்டவர்கள் பணத்தோடு ஓடி வருவார்கள். வந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு, அவரிடம் கொடுத்திருந்தால் உங்கள் பத்தாம் வகுப்பு ஒரிஜினல் சான்றிதழையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.