நைன்-பால் ஆட்டத்தில் புஷ் அவுட் சொன்னால் வெள்ளைப் பந்தை எங்கே விடுவது?

நைன்-பால் என்ற பூல் மேசை ஆட்டத்தில், பிரேக் (பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி) முடிந்ததும், வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டிய 1-ஆம் எண் பந்து வேறொரு பந்துக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது, அப்போது புஷ் அவுட் சொல்லலாமா, சொன்னால் வெள்ளைப் பந்தை எங்கே நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக நான் ஆசையோடு ஆடிவரும் ஆட்டம் இது.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புஷ் அவுட் என்பது 1-ஐத் தொடாமலேயே வெள்ளைப் பந்தை வேறு இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும் சலுகை. பிரேக்குக்கு அடுத்த அடியில் மட்டுமே அது உண்டு. முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். வெள்ளைப் பந்து எந்தப் பந்தையும், எந்தக் குஷனையும் (மேசை ஓரத்து ரப்பர் தடுப்பு) தொட வேண்டியதில்லை. குழியில் விழாமல் இருந்தால் போதும். பிறகு அங்கிருந்து தானே ஆடுவதா, உங்களையே ஆடச் சொல்வதா என்பதை எதிராளி முடிவு செய்வார்.

"பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள அடியை விட்டுவை" என்றுதான் எல்லோரும் சொல்லித்தருவார்கள். பந்து குழியில் விழுமா என்பதை மட்டுமே அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எதிராளி குழியைப் பற்றி நினைக்காமலேயே உங்களை மாட்டிவிடலாம்.

ஒருமுறை எனக்கு நடந்தது இது. 1 எதிர்முனைக் குஷனை ஒட்டி நின்றது. நான் வெள்ளையை 6-இன் மறைவிலிருந்து விலக்கி, இந்த முனையில் 7, 8 இரண்டுக்கும் பக்கத்தில் கொண்டுவந்தேன். நீண்ட தூரம், மெல்லிய வெட்டு (1-இன் ஓரத்தை மட்டும் தொடும் அடி). அவர் என்னிடமே திருப்பித் தருவார் என்று நம்பினேன். அவர் திருப்பித் தரவில்லை. 1-இன் ஓரத்தை உரசினார். வெள்ளை எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பி வந்து 7, 8-க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. நான் குஷன் வழியாக அடித்த கிக் ஷாட் 1-ஐத் தொடவில்லை. ஃபவுல். அவர் வெள்ளையைக் கையில் எடுத்து, தனக்கு வசதியான இடத்தில் வைத்து, ஆட்டத்தை முடித்துவிட்டார்.

அதனால் இப்போது நான் முதலில் பார்ப்பது வெள்ளை ஒளிந்துகொள்ளும் இடங்களைத்தான். திரும்பி வரும் வழியில் பந்துகள் கூட்டமாக நின்றால், மெல்லிய உரசல் எதிராளிக்குப் பரிசு. 1-ஐத் தடிமனாக அடித்தாக வேண்டிய கோணமாக இருந்தால் அந்தப் பரிசு கிடைக்காது. வெள்ளையை அந்த மறைவுக்குத் திருப்பிக் கொண்டுவருவது கடினமாகிவிடும்.

அடுத்தது ஆளைப் பார்த்து விடுவது. எனக்குப் பேங்க் ஷாட் (பந்தைக் குஷனில் மோதவிட்டுக் குழிக்கு அனுப்பும் அடி) ஓரளவு கைவரும். அது வராதவரோடு ஆடும்போது பேங்க் கோணத்தில் நிறுத்துகிறேன். அவர் திருப்பித் தந்தால் எனக்கு லாபம், துணிந்து ஆடினாலும் எனக்கு நட்டமில்லை. ஜம்ப் ஷாட்டுக்கென்றே (வெள்ளையைத் துள்ளவைக்கும் அடி) குட்டைக் கோல் வைத்திருப்பவரிடம், தடுக்கும் பந்திலிருந்து ஓரடி தள்ளி வெள்ளையை விட்டால் அது தடையே இல்லை, தாண்டி அடித்துவிடுவார். ஒரே குஷனில் எளிதாக 1-ஐத் தொட முடிகிற நேரங்களில் நான் புஷ் அவுட்டே சொல்வதில்லை.

எதிராளி புஷ் அவுட் ஆடினால், அவர் அடிக்கப்போவதுபோல நினைத்து மேசையை ஒரு சுற்று சுற்றிவருகிறேன். அவருக்கு மிகவும் பிடித்த அடி அங்கே காத்திருந்தால், எனக்குக் கடினமானாலும் நானே எடுத்துக்கொள்கிறேன். 1 குழியில் விழாவிட்டாலும் பரவாயில்லை. அதை ஒரு முனைக்கு அனுப்பிவிட்டு வெள்ளையை மறுமுனைக் குஷனோடு ஒட்டி நிறுத்தினால், அவருக்குக் கோலைச் சரியாக நீட்டக்கூட இடமிருக்காது.